பருப்பு வேகும், வயலுக்கு ஆகாது

நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும்போது கூடவே வெளிவரும் தண்ணீர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கே: மீத்தேன் கிணற்றில் வாயுதானே வேண்டும்? எதற்குத் தண்ணீரை இறைக்கிறார்கள்? எவ்வளவு வரும்?
— பட்டுக்கோட்டை வாசகர்

நிலக்கரிக்குள் மீத்தேன் பலூனில் அடைத்த காற்றுபோல் நிற்பதில்லை. கரியின் நுண்துளைச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டவைப்பது அழுத்தம். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது கரியின் வெடிப்புகளில் நிரம்பி நிற்கும் தண்ணீர். அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் வாயு சுவரை விட்டுப் பிரிந்து, வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கு வரும். ஆகவே ஆரம்ப மாதங்களில் தண்ணீர் கொட்டும், வாயு சொற்பம். போகப்போகத் தண்ணீர் வற்றி வாயு ஏறும். எண்ணெய்க் கிணறு இதற்கு நேர்மாறு, வயதாக ஆகத்தான் தண்ணீர் கூடும்.

அளவு இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2000-இல் வெளியிட்ட கணக்குப்படி, வயோமிங், மொன்டானா மாநிலங்களில் பரந்திருக்கும் பவுடர் ரிவர் படுகையில் ஒரு கிணற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரி 400 பீப்பாய். கொலராடோ, நியூ மெக்சிகோ எல்லையில் உள்ள சான் வான் படுகையில் 25 பீப்பாய்தான். ஒரு பீப்பாய் 159 லிட்டர். முதலாவது சுமார் 63,600 லிட்டர், அதாவது ஐந்து டேங்கர் லாரி. இரண்டாவது 4,000 லிட்டருக்குள்.

தண்ணீர் குறைவு என்பதால் பிரச்சினை குறைவு என்று முடிவுகட்ட வேண்டாம். லிட்டருக்கு 840 மில்லிகிராம் உப்புள்ள நீர் 63,600 லிட்டர் வந்தால் நாளுக்கு 53 கிலோ உப்பு. லிட்டருக்கு 10 கிராம் உள்ள நீர் 4,000 லிட்டர் வந்தால் 40 கிலோ. ஏறக்குறைய சமம்.

கே: நிலக்கரியில் கந்தகம் உண்டு, பைரைட் என்ற இரும்புச் சல்பைடு தாது உண்டு. அப்படியானால் அதில் ஊறிய தண்ணீரில் சல்பேட் நிறைய இருக்க வேண்டுமே? மீத்தேன் கிணற்று நீரில் சல்பேட் இல்லவே இல்லை என்று படித்தேன். எப்படி?
— வேதியியல் ஆசிரியை, கும்பகோணம்

நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்தால் இந்த நீரின் மற்ற குணங்கள் எல்லாம் தாமாகவே புரிந்துவிடும். மழைத்துளி ஒன்று மண்ணில் இறங்கி ஆழக் கரிக்குப் போய்ச் சேரும் வழியைப் பின்தொடர்வோம்.

கரிப் படுகை தரையில் தலைகாட்டும் இடத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும். பைரைட் ஆக்சிஜனேற்றமடைந்து சல்பேட் ஆகும். மண்ணில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) இருந்தால் அதுவும் கரையும். மண்ணின் கார்பன் டைஆக்சைடு சுண்ணாம்பைக் கரைக்கும். அங்கே எடுத்துப் பார்த்தால் நீங்கள் எதிர்பார்த்ததேதான் கிடைக்கும்: கால்சியமும் மெக்னீசியமும் சல்பேட்டும் மிகுந்த கடின நீர்.

அது கீழே நகரும்போது வழியில் களிமண் படலங்கள். களிமண் தன்னிடம் உள்ள இரண்டு சோடியத்தைக் கொடுத்துவிட்டு ஒரு கால்சியத்தை வாங்கிக்கொள்ளும். வீட்டில் கடின நீரை மென்னீராக்கும் கருவியில் பிசின் செய்யும் அதே வேலை.

இதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். இனி நுண்ணுயிர்களின் பந்தி. கரியிலிருந்து கிடைக்கும் ஹைட்ரஜன், அசிட்டேட் போன்றவைதான் சாப்பாடு. சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாவுக்கு முதல் பந்தி, மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவுக்குக் கடைசிப் பந்தி. சல்பேட் இருக்கும்வரை முன்னவை ஹைட்ரஜனை மற்றவற்றுக்கு மிச்சம் வைப்பதில்லை. ஒரு சல்பேட் அயனி ஒடுங்கும்போது சுமார் இரண்டு பைகார்பனேட் பிறக்கும். பைகார்பனேட் ஏற ஏற, மீந்திருக்கும் கால்சியம் கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாதுவாகப் படியும். சல்பேட் தீர்ந்த பிறகுதான் மீத்தேன்.

எனவே சல்பேட் இல்லாமையும் மீத்தேன் இருப்பதும் ஒரே கதையின் இரு பக்கம். மொன்டானாவின் நிலத்தடி நீர் ஆய்வாளர் வேன் வோஸ்ட் 2003-இல் பல அமெரிக்கப் படுகைகளின் நீரை ஒப்பிட்டுக் காட்டியது இதுதான். கரியின் வயது எதுவானாலும், பாறை எதுவானாலும், மீத்தேன் உள்ள இடத்து நீரில் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுதி, கால்சியம், மெக்னீசியம், சல்பேட் மிகக் குறைவு. கடல்சார் படிவுகளின் தொடர்பு இருந்தால் இவற்றோடு குளோரைடும் சேரும். அலபாமாவின் பிளாக் வாரியர் படுகை நீர் அந்தக் குளோரைடு வகை. லிட்டருக்குச் சுமார் 500 மில்லிகிராமுக்கு மேல் சல்பேட் உள்ள நிலக்கரி நீரைக் கண்டால் அங்கே மீத்தேன் தேடுவது வீண்செலவு. துளைபோடும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதிப்பது எவ்வளவு மலிவு!

கே: பயிற்சிக்காகக் கொடுத்த பவுடர் ரிவர் வகை நீரின் முடிவுகள் இவை (லிட்டருக்கு மில்லிகிராம்): சோடியம் 300, கால்சியம் 32, மெக்னீசியம் 16, பொட்டாசியம் 8, பைகார்பனேட் 950, குளோரைடு 13, சல்பேட் 2. எல்லாவற்றையும் கூட்டினால் 1,321 வருகிறது. ஆய்வகம் ஆவியாக்கி எடை பார்த்ததில் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) 840. யாருடைய தவறு?
— ஆய்வக உதவியாளர், நெய்வேலி

யாருடைய தவறும் இல்லை. 180 டிகிரியில் நீரை வற்றவைக்கும்போது இரண்டு பைகார்பனேட் சேர்ந்து ஒரு கார்பனேட் ஆகி, மீதி கார்பன் டைஆக்சைடாகவும் நீராவியாகவும் பறந்துவிடும். பைகார்பனேட்டின் எடையில் 51% இப்படித் தொலையும். 950-இல் 483 போனால், 1,321 − 483 = 838. உங்கள் ஆய்வகம் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறது.

குளோரைடு மிகுந்த கடலோரக் கிணற்று நீரில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. பைகார்பனேட் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. ஆகவே டி.டி.எஸ். எண்ணைப் பார்த்ததும் அது கூட்டிய எண்ணா, எடைபோட்ட எண்ணா என்று கேளுங்கள். இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது இதைக் கவனிக்காமல் ‘உப்பு கூடிவிட்டது’, ‘குறைந்துவிட்டது’ என்று சண்டை போடுவது வாடிக்கை.

பகுப்பாய்வு சரியா என்று பார்க்க மின்சுமைச் சமநிலைதான் உரைகல். மில்லிசமானத்தில் (எடையை அயனியின் மின்சுமைக்கு ஏற்ப மாற்றிச் சொல்லும் அலகு) நேரயனிகள்: சோடியம் 13.05, கால்சியம் 1.60, மெக்னீசியம் 1.32, பொட்டாசியம் 0.20, மொத்தம் 16.17. எதிரயனிகள்: பைகார்பனேட் 15.57, குளோரைடு 0.37, சல்பேட் 0.04, மொத்தம் 15.98. வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.6%. 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கலாம். உங்களுடையது பாடப்புத்தகத் தரம்.

கே: அதே நீரின் எஸ்.ஏ.ஆர். எவ்வளவு? டி.டி.எஸ். 840 என்றால் பாசனத்துக்கு நல்ல தண்ணீர்தானே?
— வேளாண் கல்லூரி மாணவர், திருச்சி

டி.டி.எஸ். மட்டும் பார்த்தால் நல்ல தண்ணீர்தான். குடித்தால் பெரிதாக உவர்க்காது. சோப்பு அபாரமாக நுரைக்கும். சமையல் சோடா போட்டதுபோல் பருப்பு பஞ்சாக வேகும். வயலில் விட்டால்தான் வினை.

எஸ்.ஏ.ஆர்., அதாவது சோடியம் பரப்பீர்ப்பு விகிதம், கால்சியம் மெக்னீசியத்தோடு ஒப்பிடச் சோடியம் எவ்வளவு என்று சொல்லும் எண். அதை மில்லிசமானத்தில் கணக்கிட வேண்டும். மில்லிகிராமை நேரே போடுவதுதான் மாணவர்கள் செய்யும் முதல் பிழை. கால்சியம் 1.60, மெக்னீசியம் 1.32, கூட்டினால் 2.92, பாதி 1.46, அதன் வர்க்கமூலம் 1.21. சோடியம் 13.05-ஐ இதனால் வகுத்தால் 10.8. பவுடர் ரிவர் படுகை வழியே ஓடும் டங் நதிக்கு மொன்டானா மாநிலம் 2003-இல் வகுத்த வரம்பில், பாசனப் பருவத்தின் மாதச் சராசரி எஸ்.ஏ.ஆர். 3-ஐத் தாண்டக்கூடாது. அங்கே இந்த விவகாரத்தை டி.டி.எஸ்.ஸை வைத்து மட்டும் பேசுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

கதை இத்தோடு முடியவில்லை. கரிக்குள் அழுத்தத்தில் இருந்த நீர் வெளியே வந்து குட்டையில் நின்றதும், கரைந்திருந்த கார்பன் டைஆக்சைடு வெளியேறும். 7.2 போல இருந்த பி.எச். எட்டரையை நோக்கி ஏறும். கால்சைட் படியும். கால்சியம் 32-இலிருந்து 8-க்கு இறங்கினால்? 0.40 + 1.32 = 1.72, பாதி 0.86, வர்க்கமூலம் 0.93. எஸ்.ஏ.ஆர். 14. ஒரு சொட்டு சோடியமும் சேரவில்லை, விகிதம் மூன்று புள்ளிக்கு மேல் கூடிவிட்டது. வெயிலில் நீர் பாதியாக வற்றினால், வேறெதுவும் படியாவிட்டாலும் எஸ்.ஏ.ஆர். இன்னும் 1.4 மடங்காகும்.

கிணற்றுத் தலையில் எடுத்த எண்ணை வைத்து வயலின் கதியைக் கணிக்க முடியாது என்பது இதனால்தான். ஆனால் ஆர்.எஸ்.சி., அதாவது எஞ்சிய சோடியம் கார்பனேட், இந்த விஷயத்தில் நம்பகமான எண். பைகார்பனேட்டிலிருந்து கால்சியம், மெக்னீசியத்தைக் கழித்தால் அது கிடைக்கும்: 15.57 − 2.92 = 12.65. கால்சைட் படியும்போது கால்சியமும் காரத்தன்மையும் சம அளவில் குறையும். படிந்த பிறகு 14.37 − 1.72, அதே 12.65. பாசனத்துக்கு 2.5-க்கு மேல் ஆகாது என்பது பழைய அளவுகோல். இது அதைப்போல் ஐந்து மடங்கு. என்னைக் கேட்டால், இந்த வகை நீருக்கு எஸ்.ஏ.ஆர். பார்ப்பதற்கு முன் ஆர்.எஸ்.சி. பார்ப்பதே புத்திசாலித்தனம்.

மண்ணில் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை. கால்சியம் களித்துகள்களைக் கொத்தாகக் கட்டிவைக்கும். சோடியம் அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். துகள் கலைந்து துளைகளை அடைக்கும், மேலே ஓடு கட்டும், தண்ணீர் இறங்காது. நம் ஊரில் உவர் நிலம் (உப்பு மிகுந்தது), களர் நிலம் (சோடியம் மிகுந்தது) என்று இரண்டாகப் பிரித்துச் சொல்கிறோமே, அந்தப் பிரிவு வேதியியலாகவே சரி. உவர் நிலத்தை நல்ல நீர் விட்டுக் கழுவலாம். களர் நிலத்தில் நல்ல நீர் விட்டால் இன்னும் கெடும், ஏனெனில் உப்புச்செறிவு குறைந்த நீரில் சோடியக் களி மேலும் கலையும். நீர் பாய்ச்சும்வரை தாங்கிய வயல், முதல் பெருமழையில் சேறாகி உறைந்துபோவது இதனால்தான். உலக உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டிப்படி எஸ்.ஏ.ஆர். 12 முதல் 20 வரை இருந்தால், நீரின் மின்கடத்துத்திறன் (உப்புச்செறிவைக் காட்டும் அளவு) மீட்டருக்கு 1.3 டெசிசீமென்ஸுக்குக் கீழே போகும்போது ஊடுருவல் கடுமையாகப் பாதிக்கும். நம் மாதிரி நீர் குட்டையில் நின்ற பிறகு சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது.

கே: இத்தகைய கிணற்றில் மாதிரி எடுப்பதற்குச் சாதாரண போர்வெல் முறை போதாதா?
— புவியியல் முதுகலை மாணவி, சேலம்

போதாது. இங்கே வாயு கொப்பளித்துக்கொண்டு வரும், நீர் வெளிக்காற்றைக் கண்டதும் மாறத் தொடங்கும், கூடவே கரித்தூள்.

மாதிரியைக் கிணற்றுத் தலைக் குழாயிலேயே எடுங்கள், வாயுப் பிரிப்பானுக்கோ தொட்டிக்கோ பின்னால் எடுத்தால் பி.எச். ஏற்கெனவே ஏறியிருக்கும். குழாயைத் திறந்துவிட்டு வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துத்திறன் மூன்றையும் ஐந்து நிமிட இடைவெளியில் குறியுங்கள். தொடர்ந்து மூன்று அளவீட்டில் பி.எச். 0.1-க்குள்ளும் கடத்துத்திறன் 5 சதவீதத்துக்குள்ளும் நின்றால் எடுக்கலாம். முனை மூழ்கும்படி நீர் பாயும் மூடிய கலத்தில் அளக்க வேண்டும், திறந்த வாளியில் அல்ல. மின்முனையில் வாயுக்குமிழி ஒட்டினால் எண் ஆடும், தட்டிவிட்டுப் பாருங்கள்.

காரத்தன்மையைக் கிணற்றடியிலேயே தரம்பார்த்து முடித்துவிடுங்கள். 50 மில்லி நீருக்கு 0.02 நார்மல் கந்தக அமிலம், பி.எச். 4.5 வரும்வரை. செலவான மில்லிலிட்டரை 0.4-ஆல் பெருக்கினால் மில்லிசமானம். மேலே சொன்ன மாதிரி நீருக்கு 39 மில்லி வேண்டும், எனவே 25 மில்லி ப்யூரெட்டை எடுத்துக்கொண்டு போய் விழிக்காதீர்கள்.

நேரயனிப் பாட்டிலுக்கு நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். வரிசை முக்கியம். வடிகட்டாமல் அமிலம் ஊற்றினால் கரித்தூளிலும் களியிலும் உள்ள இரும்பும் அலுமினியமும் கரைந்து நீரின் கணக்கில் ஏறிவிடும். வழக்கமாக விடும் நாலைந்து சொட்டு அமிலத்தைப் பைகார்பனேட்டே குடித்துவிடும். 250 மில்லிக்கு ஒரு மில்லி அடர் அமிலம் தேவைப்படும், பி.எச். தாளில் தொட்டுப் பாருங்கள், நுரை அடங்கிய பிறகு மூடுங்கள். கந்தக அமிலம் கைவசம் இருக்கிறதே என்று இதில் ஊற்றிவிட வேண்டாம். சல்பேட் இல்லாததால்தான் பேரியம் கரைந்து நிற்கிறது. கந்தக அமிலம் பட்டதும் பேரைட் என்ற பேரியம் சல்பேட்டாகப் படிந்து, அறிக்கையில் பேரியம் பூஜ்யம் என்று வரும்.

எதிரயனிகளுக்கு வடித்த நீர், அமிலமில்லாமல், 4 டிகிரி குளிரில். கார்பன் ஐசோடோப்புக்கு எனில் பாட்டிலில் காற்றிடம் துளிகூட இருக்கக்கூடாது. போரான் வேண்டுமென்றால் போரோசிலிக்கேட் கண்ணாடியைத் தொடாதீர்கள்.

பொதுவாக வரும் பிழைகள்: அமிலம் சேர்க்காத பாட்டிலில் கால்சியம் படிந்துவிட்டு எஸ்.ஏ.ஆர். பொய்யாக ஏறுவது ஒன்று. கலங்கல்மானி முறையில் சல்பேட் பார்க்கும்போது கரித்தூளின் கலங்கலே சல்பேட்டாகத் தெரிவது இன்னொன்று. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. கரியில் வெடிப்பு உண்டாக்கக் கிணற்றுக்குள் செலுத்தும் திரவத்தில் 2% பொட்டாசியம் குளோரைடு கலப்பது வழக்கம், அதாவது லிட்டருக்குப் பத்தாயிரம் மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம். புதுக் கிணற்று நீரில் பொட்டாசியம் நூற்றுக்கணக்கில் இருந்தால் நீங்கள் அளப்பது கரியின் நீரை அல்ல, அவர்கள் ஊற்றியதைத்தான்.

பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கே: சல்பேட் ஒடுங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு வருமே? அழுகிய முட்டை நாற்றம் அடிக்காதா? வாய்க்கால் வாயில் செம்மஞ்சள் கறை ஏன்?
— செங்கல்பட்டு வாசகர்

சல்பைடைப் பெரும்பாலும் இரும்பு பிடித்துக்கொண்டு பாறையிலேயே இரும்புச் சல்பைடாக அடக்கிவிடும். அதனால் பல கிணறுகளில் நாற்றமே இருக்காது. பிடிபடாத மிச்ச இரும்பு கரைந்து வந்து, வெளிக்காற்று பட்டதும் துருவாகப் படிகிறது. அதுதான் கறை.

கே: என் போர் தண்ணீரில் ஆர்.எஸ்.சி. 6 என்று சோதனைச் சீட்டில் இருக்கிறது. எங்கள் பக்கம் நிலக்கரியே கிடையாது. ஜிப்சம் எவ்வளவு போட வேண்டும்?
— விவசாயி, அரவக்குறிச்சி

நிலக்கரி வேண்டியதில்லை. கடினப் பாறைப் பகுதியிலும் பாறைத் தாதுக்கள் சிதைந்து, கால்சியம் கால்சைட்டாகப் படிந்து, சோடியம் பைகார்பனேட் நீர் உண்டாகும். வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒரு மில்லிசமானத்தைக் குறைக்க லிட்டருக்கு 86 மில்லிகிராம் சுத்த ஜிப்சம். 6-ஐ 2.5-க்குக் கொண்டுவர 3.5 குறைய வேண்டும், அதாவது 300 மில்லிகிராம், ஆயிரம் லிட்டருக்கு 300 கிராம். ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் நீர் கட்டினால் சுமார் இரண்டு லட்சம் லிட்டர். ஆக ஒரு பாய்ச்சலுக்கு 61 கிலோ. கடையில் கிடைக்கும் ஜிப்சம் 70% சுத்தம் என்றால் 87 கிலோ. மூட்டையில் உள்ள சதவீதத்தைப் பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் கட்டிகளாகப் போட்டால் கொஞ்ச நாளில் வேலை செய்யாது. பைகார்பனேட் மிகுந்த நீரில் ஜிப்சத்தின் மேல் சுண்ணாம்புப் படலம் பூத்துக் கரைவதை நிறுத்திவிடும். கட்டிகளைக் கிளறிவிட வேண்டும், அல்லது தூளாக வயலில் தூவிவிட்டுப் பாய்ச்ச வேண்டும். சொட்டுநீர்க் குழாயில் விட்டால் அடைத்துக்கொள்ளும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போட்டுப் பயனில்லை, வெளியேறிய சோடியம் போக வழி வேண்டும். தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் அது அழுகும்போது வெளிவிடும் கார்பன் டைஆக்சைடு மண்ணில் உறங்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியம் தரும், பாதிச் செலவு மிச்சம் என்றுகூடச் சொல்வேன்.

முன்பு பார்த்த மீத்தேன் நீருக்கு இதே கணக்கைப் போட்டால் ஆயிரம் லிட்டருக்கு 870 கிராம் சுத்த ஜிப்சம், ஒரு பாய்ச்சலுக்கு 176 கிலோ. கரைவதற்கும் நேரம் போதாது. பவுடர் ரிவர் பக்கம் கந்தகத்தை எரித்து அமிலமாக்கி நீரில் விடுவதும் உண்டு. அமிலம் பைகார்பனேட்டை அழிக்குமே தவிரக் கால்சியத்தைக் கொண்டுவராது, சோடியத்தையும் குறைக்காது. அதனால் அமிலமும் ஜிப்சமும் சேர்ந்தே போக வேண்டியிருக்கிறது.

கே: குட்டை வெட்டி நிரப்பிவிட்டால் நிலத்தடி நீர் பெருகுமே, ஏன் வீணாக்க வேண்டும்?
— பொறியாளர், கோவை

பவுடர் ரிவர் படுகையிலும் அப்படித்தான் எண்ணி, அடியில் விரிப்பில்லாத குட்டைகளை நிறைய வெட்டினார்கள். அது வறண்ட நாடு. மழை போதாமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணிலேயே ஜிப்சமும் பிற உப்புகளும் தங்கிப்போயிருந்தன. குட்டையிலிருந்து இறங்கிய நீர் அவற்றையெல்லாம் கரைத்துக்கொண்டு கீழே போனது. ஸ்க்யூட் ரிசர்வாயர் என்ற குட்டையை அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தார் கண்காணித்தபோது, அதன் கீழே நிலத்தடி நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு ஒரு லட்சம் மில்லிகிராமைத் தாண்டியது. கடல் நீரே 35,000 தான். விட்ட தண்ணீர் அவ்வளவு உப்பில்லை. உப்பு மண்ணில் காத்திருந்தது.

எனவே குட்டை வெட்டுமுன் நீரைச் சோதிப்பதுபோல், வெட்டும் இடத்து மண்ணையும் பல மீட்டர் ஆழம் வரை துளைத்து, நீரில் ஊறவைத்து, கரையும் உப்பைப் பார்க்க வேண்டும்.

கே: ஆர்.ஓ. போட்டுக் குடிநீராக்கலாமே?
— மயிலாடுதுறை வாசகி

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அதைத்தான் பெரிய அளவில் செய்கிறார்கள். அங்கே ஆவியாக்கும் குட்டைகளை முதன்மை வழியாக வைப்பதை 2010-இல் அரசு கைவிடச் செய்தது. ஆர்.ஓ.வில் மூன்று சங்கடங்கள். பேரியம், சிலிக்கா, கால்சைட் மூன்றும் சவ்வில் படியும், அதனால் முன்சுத்திகரிப்பு கட்டாயம். செறிந்த உப்புக் கரைசல் மிஞ்சும், அதை வைக்க இடம் வேண்டும். சுத்தமாகிப் போன நீரில் கால்சியமே இராது, ஆற்றிலோ வயலிலோ விடுமுன் திரும்பச் சேர்க்க வேண்டும்.

சுத்திகரிக்காமல் குடிப்பது என்றால் முதலில் ஃப்ளோரைடைப் பாருங்கள். ஃப்ளோரைட் தாதுவின் கரைதிறன்தான் நீரில் ஃப்ளோரைடுக்கு மேல்வரம்பு போடுகிறது. கால்சியம் கால் பங்காகக் குறைந்தால் அந்த வரம்பு இரு மடங்காக உயரும். தருமபுரிப் பக்கம் பல கிணறுகளில் ஃப்ளோரைடு ஏறுவதற்கும் இந்த வேதியியலே ஒரு காரணம். மென்மையான, சோப்பு நுரைக்கும் நீர் என்று மகிழும் இடத்தில்தான் பல்லில் கறை விழும். இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5.

கே: மன்னார்குடியில் கிணறு போட்டிருந்தால் இதே வயோமிங் தண்ணீர்தான் வந்திருக்குமா?
— மன்னார்குடி வாசகர்

தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டருக்கு 2010-இல் ஒப்பந்தமான மன்னார்குடி மீத்தேன் திட்டம் உற்பத்தி வரை போகவில்லை. 2020-இல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் டெல்டாவில் இத்தகைய புதுத் திட்டங்களுக்குத் தடை போட்டது. ஆகவே வயோமிங் எண்களை எடுத்து மன்னார்குடிக்கு ஒட்டுவது முறையாகாது. அன்றைய மேடைகளில் திட்டத்தை ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் என இரு தரப்பும் அதைச் செய்தன.

வேதியியல் விதி மட்டும் இடம் மாறாது. மீத்தேன் உண்டென்றால் சல்பேட் இருக்காது, சோடியமும் பைகார்பனேட்டும் இருக்கும். கடலோரப் படிவு என்பதால் குளோரைடு எவ்வளவு என்பதுதான் முதலில் அளக்க வேண்டிய எண்ணாக இருந்திருக்கும். வாங்கும் பக்கத்தில் டெல்டாவின் கனத்த களிமண். சோடியத்தால் அதிகம் கெடுவது மணல் நிலம் அல்ல, இதுதான். இந்தியாவில் உண்மையில் மீத்தேன் கிணறுகள் ஓடும் ராணிகஞ்ச், சோஹாக்பூர் பகுதிகளில் இருப்பது பெர்மியன் கால நிலக்கரி. மன்னார்குடியில் பேசப்பட்டதோ பழுப்பு நிலக்கரி. அந்த ஒப்பீடும் நேராகப் பொருந்தாது.

கே: ஆற்றில் உப்பு கூடினால் அது மீத்தேன் கிணற்றால்தான் என்று எப்படி நிரூபிப்பது?
— வழக்கறிஞர், மதுரை

சோடியமும் பைகார்பனேட்டும் வேறு வழியிலும் வரலாம், அவற்றை வைத்து வழக்காடினால் எதிர்த்தரப்பு எளிதில் தப்பிவிடும். கரைந்த கார்பனின் ஐசோடோப்பு நல்ல சாட்சி. மீத்தேன் நுண்ணுயிர்கள் இலகுவான கார்பன்-12-ஐ முதலில் எடுத்துக்கொள்வதால், மிஞ்சும் பைகார்பனேட்டில் கனமான கார்பன்-13 சேர்ந்துபோகும். சாதாரண ஆற்று நீரிலும் ஆழமற்ற கிணற்றிலும் கார்பன்-13-இன் அளவு, ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டால், ஆயிரத்துக்கு −10-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். பவுடர் ரிவர் மீத்தேன் கிணறுகளில் +10-க்கு மேல். வயோமிங் பல்கலைக்கழகத்தார் இந்த இடைவெளியை வைத்துத்தான் ஓடைகளில் கலப்பைத் தேடினார்கள்.

ஒரு எச்சரிக்கை: ஆற்றில் நீர் ஓட ஓடக் காற்றின் கார்பன் டைஆக்சைடோடு பரிமாறி இந்த அடையாளம் மங்கும். எனவே மாதிரியை வெளியேற்றுக் குழாய்க்குச் சற்று மேலும், சற்றுக் கீழும், ஒரே நாளில் எடுக்கச் சொல்லுங்கள். கிணறு தோண்டுவதற்கு முந்தைய அளவீடு ஒன்று கோப்பில் இருந்தால் பாதி வழக்கு முடிந்தது.